அமெரிக்காவில் காரில்லாமல் ஒரு விடுமுறை: மூத்தோருக்கான வழிகாட்டி

அமெரிக்காவில் கார் ஓட்டத் தெரியாவிட்டால் வீட்டை விட்டு வெளியே வரவே முடியாது என்று கேள்விப்பட்டு, பிள்ளைகளின் வீட்டுக்குள்ளேயே மாதக்கணக்கில் இருந்துவிட்டு ஊர் திரும்பும் பெற்றோர் நம்மிடையே ஏராளம். புறநகர்க் குடியிருப்புகள் பலவற்றைப் பொறுத்தவரை அந்தப் பேச்சு உண்மைதான்; கடைக்கு நடந்து போகக்கூட அங்கே நடைபாதை இராது. ஆனால் கார் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே நெருக்கமாகக் கட்டப்பட்ட பழைய நகரங்களுக்கு அது பொருந்தாது. பாஸ்டன், நியூயார்க், ஃபிலடெல்ஃபியா, வாஷிங்டன் ஆகிய நான்கும் சுமார் 735 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரே ரயில் பாதையில் அமைந்திருக்கின்றன. நான்கிலும் ரயில் நிலையம் நகரின் மையத்திலோ அதை ஒட்டியோ இருக்கிறது. நகருக்குள் சுற்றி வர மெட்ரோவும் பேருந்தும் இருக்கின்றன. அறுபதைத் தாண்டிய, கார் ஓட்டாத, மெதுவாகவேனும் ஒரு கிலோமீட்டர் நடக்கக்கூடிய ஒருவரோ தம்பதியரோ யாரையும் எதிர்பார்க்காமல் இங்கே பத்துப் பன்னிரண்டு நாட்களை நிம்மதியாகக் கழிக்கலாம்.

முதலில் ஊரைத் தேர்ந்தெடுங்கள்

எந்த ஊரைப் பற்றியும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். விமான நிலையத்திலிருந்து நகருக்கு ரயில் வருகிறதா? பார்க்க வேண்டிய இடங்கள் ஒன்றுக்கொன்று அருகில் உள்ளனவா? மெட்ரோ நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் தங்குவதற்கு இடம் கிடைக்குமா? மூன்றுக்கும் ஆம் என்ற விடை கிடைத்தால் மட்டும் அந்த ஊரை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல்முறை போகிறவர்களுக்கு வாஷிங்டனையே நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். ரீகன் விமான நிலையத்தின் வாசலிலேயே மெட்ரோ நிற்கிறது. வெளிநாட்டு விமானங்கள் வந்திறங்கும் டல்லஸ் (Dulles) விமான நிலையத்துக்கும் 2022 நவம்பர் முதல் மெட்ரோவின் சில்வர் லைன் ஓடுகிறது. மெட்ரோவின் எல்லா நிலையங்களிலும் மின்தூக்கி உண்டு. நாடாளுமன்றக் கட்டடத்திலிருந்து லிங்கன் நினைவகம் வரை நீளும் நேஷனல் மால் என்ற பசும்புல் வெளியின் இருமருங்கிலும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. கட்டணம் இல்லை என்பதன் பயனை மூத்தோர்தாம் முழுமையாக அனுபவிக்க முடியும்: கால் வலித்தால் ஒரு மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டு மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், கொடுத்த பணம் வீணாகிறதே என்ற உறுத்தல் இராது.

அடுத்ததாக நியூயார்க்கையோ ஃபிலடெல்ஃபியாவையோ சேர்த்துக்கொள்ளலாம். பதினோரு நாட்களில் நான்கு நகரங்களையும் பார்த்துவிட ஆசை எழும். அதற்கு இடம் கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. விடுதியை மாற்றும் ஒவ்வொரு நாளும் பெட்டி கட்டுவதிலும் அவிழ்ப்பதிலும் காத்திருப்பதிலும் கழிந்துவிடும். இளையவர்களைவிட நம்மை அது அதிகமாகக் களைக்க வைக்கும். வாஷிங்டனில் ஐந்து இரவுகள், நியூயார்க்கில் ஐந்து இரவுகள், விருப்பமிருந்தால் இடையில் ஃபிலடெல்ஃபியாவில் ஓர் இரவு என்பது உடம்புக்கு ஏற்ற கணக்கு. விமானச் சீட்டை வாஷிங்டனில் இறங்கி நியூயார்க்கிலிருந்து திரும்பும்படி எடுத்தால் வந்த வழியே திரும்பிப் போகும் வேலை மிச்சமாகும்.

நம்மவர்கள் தவறாமல் கேட்கும் நயாகராவுக்கும் நியூயார்க்கிலிருந்து ரயில் உண்டு. பயணம் ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் பிடிக்கும். நிலையத்திலிருந்து அருவி மூன்று கிலோமீட்டர் அளவு தள்ளியிருப்பதால் டாக்ஸி வேண்டும். அங்கே இரண்டு இரவுகள் தங்க முடியுமானால் மட்டும் போங்கள்.

எப்போது போவது

ஏப்ரல் பிற்பகுதி முதல் ஜூன் தொடக்கம் வரையும், செப்டம்பர், அக்டோபர் மாதங்களும் நடப்பதற்கு இதமானவை. ஜூலை, ஆகஸ்டில் வாஷிங்டனின் புழுக்கம் சென்னையை நினைவூட்டும். மார்ச் இறுதியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் செர்ரி மரங்கள் பூப்பது அழகான காட்சிதான். ஆனால் அந்த நாட்களில் விடுதி வாடகை ஏறிவிடும், மெட்ரோவில் நிற்கவும் இடமிராது.

ரயில்

நகரங்களுக்கிடையே ஓடும் பயணிகள் ரயில்களை 1971 முதல் ஆம்ட்ராக் நடத்தி வருகிறது. இந்தப் பாதையில் அதிவேக அசெலாவும், அதைவிடச் சற்று மெதுவாகச் செல்லும் நார்த்ஈஸ்ட் ரீஜனலும் ஓடுகின்றன. வாஷிங்டனிலிருந்து நியூயார்க்குக்கு ரீஜனலில் சுமார் மூன்றரை மணி நேரமும், அசெலாவில் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவும் ஆகும். அரை மணி நேரச் சேமிப்புக்காகக் கூடுதல் கட்டணம் கொடுப்பது விடுமுறைக்கு வந்தவர்களுக்குத் தேவையில்லை. ரீஜனலின் இருக்கைகளும் அகலமானவை, கால் நீட்ட இடம் தாராளம். பெரும்பாலான ரயில்களில் 65 வயதானவர்களுக்கு 10 விழுக்காடு சலுகை உண்டு. முன்பதிவு செய்யும்போது பயணி வகையில் மூத்தவர் என்று குறிப்பிட்டால்தான் அது கிடைக்கும். விமானத்தைப் போலவே இங்கும் நாள் நெருங்க நெருங்கக் கட்டணம் ஏறும் என்பதால், தேதி உறுதியானதும் சீட்டை வாங்கிவிடுங்கள்.

ரீஜனலின் சாதாரண வகுப்பில் இடம் உறுதி, ஆனால் இருக்கை எண் தரப்படுவதில்லை; முதலில் ஏறுகிறவர் விரும்பிய இடத்தில் அமரலாம். தம்பதியர் சேர்ந்து உட்கார இதனால் சிக்கல் வரலாம். நியூயார்க்கில் ரயில் எந்த நடைமேடைக்கு வரும் என்பதைப் புறப்படுவதற்குப் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்கு முன்புதான் அறிவிப்பார்கள். அறிவித்ததும் கூட்டம் முழுவதும் நகரும் படிக்கட்டை நோக்கி ஓடும். அந்த ஓட்டத்தில் நாம் கலந்துகொள்ள வேண்டியதில்லை. நியூயார்க், ஃபிலடெல்ஃபியா, வாஷிங்டன், பாஸ்டன் ஆகிய பெரிய நிலையங்களில் ரெட் கேப் எனப்படும் சிவப்புத் தொப்பி உதவியாளர்கள் இருக்கிறார்கள். சீருடையணிந்த ஆம்ட்ராக் ஊழியர்களான இவர்கள் கட்டணமின்றிப் பெட்டிகளைத் தூக்கி வந்து, மின்தூக்கி வழியாகக் கூட்டத்துக்கு முன்பாகவே ரயிலில் ஏற்றிவிடுவார்கள்; மனமுவந்து சில டாலர்கள் கொடுப்பது வழக்கம். ரயில் புறப்படுவதற்கு முக்கால் மணி நேரம் முன்பாகவே அவர்களுடைய மேசைக்குப் போய்ச் சொல்லிவிடுங்கள். சக்கர நாற்காலி வேண்டுமென்றால் முன்பதிவின்போதே அதற்கான கட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்தப் பாதையின் பெரிய நிலையங்களில் நடைமேடையும் ரயில் பெட்டியின் தளமும் ஒரே உயரத்தில் இருப்பதால் படியேறும் தொல்லை இல்லை.

பெட்டி விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பெட்டிகளை ஏற்றித் தனியே அனுப்பும் வசதி ரீஜனல் ரயில்கள் பலவற்றில் இல்லை; கொண்டு போவதை நம்முடனேயே வைத்துக்கொள்ள வேண்டும். ஆளுக்கு ஒரு சிறிய சக்கரப் பெட்டி, ஒரு தோள்பை, அவ்வளவுதான். நிரப்பிய பெட்டியை நீங்களே தூக்கி மேசைமேல் வைத்துப் பாருங்கள். முடியாவிட்டால் பாதியை எடுத்து வெளியே வையுங்கள். துணிகளை நான்கைந்து நாட்களுக்கு ஒருமுறை துவைத்துக்கொள்ளப் பல விடுதிகளில் காசு போட்டு இயக்கும் சலவை இயந்திரம் உண்டு.

இரவு ரயிலில் நாட்டைக் குறுக்கே கடக்கும் ஆசை இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சிகாகோவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவை அடுத்த எமரிவில் வரை ராக்கி மலைகளைத் தாண்டி ஓடும் கலிபோர்னியா செஃபர் காட்சிக்கு நிகரற்றது. இரண்டு இரவுகள், சுமார் 52 மணி நேரம். ஆனால் அது சரக்கு ரயில் நிறுவனங்களின் தண்டவாளத்தில் ஓடுவதால் பல மணி நேரம் தாமதமாவது உண்டு. ரூமெட் என்னும் இருவர் அறையில் ஒருவர் ஏணி ஏறி மேல் படுக்கையில்தான் படுக்க வேண்டும். பெரும்பாலான அறைகள் குறுகலான படிகள் ஏறிச் செல்லும் மேல் தளத்தில் உள்ளன. மூட்டு வலி உள்ளவர்கள் கீழ்த் தள அறையைக் கேட்டு வாங்க வேண்டும். இருவராலும் ஏணி ஏற முடியாதென்றால் ஆளுக்கொரு ரூமெட் எடுப்பதே வழி. உணவுக் கட்டணம் படுக்கை அறைச் சீட்டிலேயே அடங்கும்; உணவுப் பெட்டிக்கு நடக்க முடியாதவர்களுக்கு அறைப் பணியாளர் சாப்பாட்டைக் கொண்டுவந்து தருவார்.

தங்குமிடம்

பணத்தை எதில் கூட்டுவது, எதில் குறைப்பது என்ற கேள்விக்கு என் விடை ஒன்றுதான்: நட்சத்திரத்தைக் குறைத்து, இடத்தைப் பாருங்கள். மெட்ரோவுக்கு அருகிலுள்ள எளிய விடுதி, தூரத்திலுள்ள ஆடம்பர விடுதியைவிடப் பல மடங்கு மேல், ஏனென்றால் மதியம் அறைக்கு வந்து ஒரு மணி நேரம் படுத்துவிட்டு மாலையில் மறுபடி கிளம்ப அதுவே உதவும். விடுதியின் முகவரியை இணைய வரைபடத்தில் போட்டு, மெட்ரோவுக்கு நடக்கும் தூரத்தோடு அந்தத் தெருவின் படத்தையும் பாருங்கள். ஏற்றம் இருக்கிறதா, வாசலில் படிகள் எத்தனை என்பது அதில் தெரியும்.

முன்பதிவு செய்வதற்கு முன் விடுதிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, மின்தூக்கி இருக்கிறதா, குளியலறையில் தொட்டிக்குப் பதிலாகத் தரைமட்டக் குளியலிடமும் கைப்பிடியும் கொண்ட அறை கிடைக்குமா, அறையில் குளிர்பதனப் பெட்டி உண்டா என்று கேளுங்கள். வழுக்கும் தொட்டிக்குள் காலைத் தூக்கி வைத்து இறங்கும் ஒரு நொடியில் விடுமுறை முழுவதும் கெட்டுவிடக்கூடும். தயிர், பழம், ரொட்டி வாங்கி வைத்துக்கொண்டு காலை உணவையும் ஒரு வேளைச் சாப்பாட்டையும் அறையிலேயே முடித்துக்கொள்ளக் குளிர்பதனப் பெட்டி பயன்படும். வாஷிங்டனில் மெட்ரோ சென்டர், கேலரி பிளேஸ், டுபான்ட் சர்க்கிள் நிலையங்களின் அக்கம்பக்கம் வசதியானது. நியூயார்க்கில் ஆம்ட்ராக் ரயில்கள் நிற்கும் பென் நிலையத்துக்கும் லெக்சிங்டன் அவென்யூவுக்கும் இடையே பாருங்கள். அந்த அவென்யூவில் 26ஆம் தெரு முதல் 30ஆம் தெரு வரை தென்னிந்திய உணவகங்கள் இருப்பதால் சைவச் சாப்பாட்டுக்கு அலைய வேண்டியிராது.

நகருக்குள் சுற்றுவது

தொட்டுச் செலுத்தும் வங்கி அட்டையைக் கதவில் காட்டியே இப்போது நியூயார்க், வாஷிங்டன், பாஸ்டன், ஃபிலடெல்ஃபியா நகரங்களின் மெட்ரோவில் பயணிக்கலாம். நியூயார்க்கின் பழைய மெட்ரோகார்டு விற்பனை 2025 இறுதியோடு நின்றுவிட்டது. இந்தியாவிலிருந்து வருகிறவர்கள், வெளிநாட்டுப் பயன்பாட்டையும் தொட்டுச் செலுத்தும் வசதியையும் புறப்படுவதற்கு முன்பே வங்கியில் திறந்துவிடச் சொல்ல வேண்டும். வாஷிங்டன் மெட்ரோவில் ஏறும்போது காட்டிய அட்டையையே இறங்கும்போதும் காட்ட வேண்டும் என்பதால், கணவனும் மனைவியும் தனித்தனி அட்டை வைத்திருப்பது அவசியம்.

மத்திய அரசின் நிதியுதவி பெறும் நகரப் போக்குவரத்து அமைப்புகள் நெரிசல் இல்லாத நேரங்களில் 65 வயதானவர்களிடம் பாதிக் கட்டணத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்பது அந்நாட்டுச் சட்டம். ஆனால் இதற்குப் பெரும்பாலும் தனி அட்டை கேட்பார்கள். வாஷிங்டனில் வயதுச் சான்றைக் காட்டி மூத்தோருக்கான ஸ்மார்ட்ரிப் அட்டையை வாங்கலாம். மற்ற நகரங்களில் நான்கைந்து நாட்கள் மட்டுமே இருப்பவர்கள் விண்ணப்பம், காத்திருப்பு என்று அலைவதைவிட முழுக் கட்டணத்தைக் கொடுத்துவிடுவது மேல்.

நியூயார்க் சுரங்க ரயிலின் 472 நிலையங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில்தான் மின்தூக்கி இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு நாளும் கிளம்புமுன் இறங்கும் நிலையத்துக்கு எதிரே சக்கர நாற்காலிக் குறி இருக்கிறதா என்று வரைபடத்தில் பாருங்கள். அது இல்லாத இடங்களுக்குப் பேருந்தில் போங்கள். நகரப் பேருந்துகள் எல்லாவற்றிலும் சாய்தளம் உண்டு. ஓட்டுநரிடம் சொன்னால் படியைத் தாழ்த்தித் தருவார். முன்வரிசை இருக்கைகள் மூத்தோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் உரியவை. பேருந்து மெதுவாகத்தான் போகும், ஆனால் அவசரமில்லாதவர்களுக்குச் சன்னலோர இருக்கையே நகரைக் காட்டும் சுற்றுலா ஆகிவிடும். சுதந்திர தேவி சிலையைத் தூரத்திலிருந்து பார்த்தால் போதும் என்பவர்கள் கட்டணமில்லாத ஸ்டாட்டன் ஐலண்டு படகில் போய் வரலாம். கோயில் தரிசனம் வேண்டுவோர் 7ஆம் எண் ரயிலில் கடைசி நிலையமான ஃபிளஷிங் வரை சென்று, அங்கிருந்து பேருந்திலோ டாக்ஸியிலோ 1977இல் குடமுழுக்கு கண்ட பிள்ளையார் கோயிலுக்குப் போகலாம். அங்குள்ள கேண்டீனில் தோசையும் கிடைக்கும்.

வாஷிங்டனில் நேஷனல் மாலின் முழு நீளத்தையும் நடக்க முயலாதீர்கள். மூன்று கிலோமீட்டர், நிழலும் குறைவு. அதைக் கடக்க உதவிய சர்குலேட்டர் பேருந்துகள் 2024 இறுதியில் நிறுத்தப்பட்டுவிட்டன, பழைய வழிகாட்டி நூல்களை நம்பி அவற்றுக்காகக் காத்திருக்க வேண்டாம். லிங்கன் நினைவகத்துக்கு அருகில் மெட்ரோ இல்லாததால் டாக்ஸியிலோ ஊபரிலோ போய்வாருங்கள். காரில்லாத விடுமுறை என்பது டாக்ஸியே ஏறாத விரதம் அன்று. வாடகைக் காருக்கும் அதை நிறுத்துமிடத்துக்கும் ஆகும் செலவை நினைத்தால், நாளுக்கு ஒரு டாக்ஸிச் சவாரி பெரிய தொகையாகாது. ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களில் சக்கர நாற்காலியைக் கட்டணமின்றி இரவல் தருகிறார்கள், முதலில் வருபவருக்கு முதலில். விமான விண்வெளி அருங்காட்சியகம் போன்ற சிலவற்றுக்குக் கட்டணமில்லாத நேரச் சீட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுக்க வேண்டியிருக்கும். ரயிலுக்கு நேரம் மிச்சமிருந்தால் யூனியன் நிலையத்தை ஒட்டியுள்ள அஞ்சல் அருங்காட்சியகத்துக்குள் போய் அமருங்கள். கூட்டம் குறைவு, கழிப்பறை தூய்மையானது.

கழிப்பறையைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அமெரிக்க நகரத் தெருக்களில் பொதுக் கழிப்பறை அரிது. அருங்காட்சியகம், பொது நூலகம், ரயில் நிலையம், பெரிய கடை ஆகியவற்றை விட்டு வெளியேறும் ஒவ்வொரு முறையும், தேவை இருக்கிறதோ இல்லையோ, போய்விட்டு வந்துவிடுங்கள். நியூயார்க்கில் பிரையன்ட் பூங்காவின் கழிப்பறை நன்கு பராமரிக்கப்படுவது. இந்தச் சிக்கலுக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைப்பவர்கள் பலர். அது உடம்பைக் கெடுக்கும்.

மருந்தும் காப்பீடும்

அங்கே மருத்துவமனைச் செலவு குடும்பத்தையே கடனில் தள்ளும் அளவுக்கு வளரக்கூடியது. பார்வையாளருக்கான மருத்துவக் காப்பீடு இல்லாமல் விமானம் ஏறக் கூடாது. வாங்கும்போது முக்கியமாகப் பார்க்க வேண்டியது, ஏற்கனவே உள்ள சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய் ஆகியவற்றால் திடீரெனச் சிக்கல் வந்தால் எவ்வளவு தொகை வரை கொடுப்பார்கள் என்பதைத்தான். விலை குறைந்த திட்டங்கள் பல அதை அறவே விலக்கியிருக்கும். பயண நாட்களுக்குத் தேவையானதைவிட இரண்டு வாரம் கூடுதலாக மருந்துகளை எடுத்து, மருத்துவரின் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். இந்திய நேரத்துக்கும் கிழக்குக் கரை நேரத்துக்கும் ஒன்பதரை அல்லது பத்தரை மணி நேர வேறுபாடு இருப்பதால், இன்சுலின் போன்றவற்றை எந்நேரத்தில் எடுப்பது என்று கிளம்புமுன் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாட்களில் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். உயிருக்கு ஆபத்தான நிலையில் 911 என்ற எண்ணை அழையுங்கள். சிறு காய்ச்சல், சுளுக்கு போன்றவற்றுக்கு அர்ஜென்ட் கேர் என்ற பலகை மாட்டிய மருத்துவ நிலையங்கள் போதும், செலவும் குறைவு.

இயற்கைக் காட்சி வேண்டுமென்றால்

தேசியப் பூங்காக்களில் காரில்லாமல் பார்க்க மிகவும் ஏற்றது கிராண்ட் கேன்யன் என்ற பெரும் பள்ளத்தாக்கின் தென்விளிம்பு. ஃபீனிக்ஸ் விமான நிலையத்திலிருந்து ஃபிளாக்ஸ்டாஃப் நகருக்கும், அங்கிருந்து வில்லியம்ஸ் என்ற சிற்றூருக்கும் சிறு பேருந்தில் செல்லலாம். வில்லியம்ஸிலிருந்து 1901இல் தொடங்கிய பழைய ரயில் பாதை 65 மைல் ஓடிப் பள்ளத்தாக்கின் விளிம்புக்கு அருகிலேயே கொண்டுபோய் நிறுத்துகிறது. காலை ஒன்பதரைக்குக் கிளம்பும் ரயில் நண்பகலுக்குச் சற்று முன் சேரும். அதே நாளில் மூன்றரை மணிக்குத் திரும்பும் ரயிலைப் பிடிக்காமல், ஓர் இரவாவது பூங்காவுக்குள் தங்குங்கள்; பகற்கூட்டம் கலைந்தபின் மாலை வெயிலில் பாறைகள் நிறம் மாறுவதை விளிம்பிலுள்ள இருக்கையில் அமர்ந்து பார்ப்பதற்காகத்தான் அவ்வளவு தூரம் போகிறோம். அறைகளுக்குப் பதிவு 13 மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடும். பூங்காவுக்குள் கட்டணமில்லாப் பேருந்துகள் காட்சி முனைகளை இணைக்கின்றன. ஹெர்மிட் சாலையில் மார்ச் முதல் நவம்பர் வரை தனியார் கார்களுக்கே அனுமதியில்லை. விளிம்பு சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இதய, நுரையீரல் நோயுள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே செல்ல வேண்டும். 62 வயதானவர்களுக்கான மலிவான மூத்தோர் பூங்கா அட்டை அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் மட்டுமே உரியது. சுற்றுலா விசாவில் வந்தவர்கள், வெளிநாட்டவருக்கான நுழைவுக் கட்டணம் எவ்வளவு என்பதைப் பூங்காவின் இணையதளத்தில் முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது.

பதிவுகளின் வரிசை

விசா கைக்கு வந்த பிறகே பணம் திரும்பாத எதையும் வாங்குங்கள். அதன்பின் விமானம், ரத்து செய்யக்கூடிய விடுதி, காப்பீடு, ரயில், அருங்காட்சியக நேரச் சீட்டு என்ற வரிசையில் போங்கள். விமான நிலையங்களில் குடியேற்றச் சோதனை வரை நெடுந்தூரம் நடக்க வேண்டியிருப்பதால், நடக்க முடிந்தவர்களும் சீட்டு வாங்கும்போதே சக்கர நாற்காலி உதவியைக் கேட்டு வைப்பது நல்லது. அதைப் புறப்படுவதற்கு இரண்டு நாட்களுக்கு முன் தொலைபேசியில் மீண்டும் உறுதி செய்யுங்கள். விடுதி முகவரிகள், ரயில் சீட்டுகள், காப்பீட்டு எண், மருந்துப் பட்டியல் ஆகியவற்றைக் கைபேசியில் வைத்திருப்பதோடு தாளிலும் அச்சிட்டு, தம்பதியர் இருவரின் பையிலும் ஒவ்வொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.